பெரிய பல்கலைக்கழக நூலகத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்ந்த முதல் வாரமே நூலகத்தைச் சுற்றிக் காட்டிவிடுவார்கள். இது வாசிப்புக் கூடம், இது கவுன்ட்டர், இது நகல் எடுக்கும் இடம் என்று அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த நூலகம் எப்படி ஓடுகிறது, உள்ளே யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஏனென்றால் தேடிய புத்தகம் கிடைக்காமல் திரும்புகிறவர்களில் பலருக்கு அந்தப் புத்தகம் உண்மையில் கிடைத்திருக்கும். எந்த இடத்தில், எந்த ஆளிடம், எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

எத்தனை நூலகம், யார் பொறுப்பு

பெரிய பல்கலைக்கழகத்தின் நூலகம் ஒரே கட்டடத்தில் அடங்குவது அரிது. ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் என்ற ஒரே பெயரின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன. அவை போக ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி நூலகம் உண்டு. அது போட்லியன் நிர்வாகத்தில் வராது, பெரும்பாலும் அந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 10 வளாகங்கள். வளாகத்துக்கு வளாகம் தனி நூலகமும் தனி நிர்வாகமும் இருந்தாலும், பெரிய மின்னிதழ் ஒப்பந்தங்களை எல்லா வளாகங்களும் சேர்ந்தே பேசி முடிக்கின்றன.

உங்கள் பல்கலைக்கழகமும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் சாயலில் இருக்கும். நூலக இணையதளத்தில் கிளைகளின் பட்டியலை எடுத்து, உங்கள் துறைக்கான கிளை எது, அது எப்போது திறந்திருக்கும், உங்கள் அட்டை எந்தெந்தக் கிளைகளில் செல்லும் என்று குறித்துக்கொள்ளுங்கள். சட்டம், மருத்துவம், மேலாண்மை நூலகங்கள் பல இடங்களில் அந்தந்தக் கல்விப்புலத்தின் நேரடிப் பொறுப்பில் இருக்கும். அங்கே இரவல் காலம் வேறு, அபராதம் வேறு, சில சமயம் நூற்பட்டியலே வேறு. முதன்மை நூலகப் பட்டியலில் இல்லாத புத்தகம் சட்ட நூலகத்தின் தனிப் பட்டியலில் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

அடையாள அட்டை கைக்கு வந்துவிட்டால் நூலகக் கணக்கும் திறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சேர்க்கை விவரம் நூலகத்தின் கணினிக்கு வந்து சேரச் சில நாள் பிடிக்கலாம். ஒரு புத்தகத்தை இரவல் எடுத்துப் பாருங்கள். அப்புறம் வளாகத்துக்கு வெளியே இருந்து ஒரு மின்னிதழைத் திறந்து பாருங்கள். இரண்டும் நடந்தால் சரி. நடக்காவிட்டால் அந்த வாரமே கவுன்ட்டரில் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு புத்தகம் அலமாரிக்கு வரும் வழி

கவுன்ட்டரில் இருக்கும் ஊழியர்கள் நூலகத்தின் ஒரு சிறு பகுதிதான். பெரும்பாலான வேலை வாசகர் கண்ணில் படாமல் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எளிய வழி, ஒரு புத்தகம் எந்தெந்தக் கைகளைக் கடந்து வருகிறது என்று பார்ப்பது.

முதலில் தேர்வு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு துறை நூலகர் இருப்பார். என்ன வாங்குவது என்பது அவர் முடிவு. ஆனால் வெளியாகும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க அவரால் முடியாது. அதனால் நூல் விற்பனை நிறுவனங்களிடம் 'இந்தத் துறை, இந்த மொழி, இந்தத் தரம், இந்த விலைக்குள்' என்று விதிகளை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பொருந்துகிற நூல்கள் தானாக வந்து சேரும். இந்த வலையில் சிக்காமல் போவது சிறு பதிப்பகங்களின் நூல்களும், பெரிய விற்பனையாளர்கள் கையாளாத மொழிகளின் நூல்களும்தான். உங்கள் ஆய்வு அந்தப் பக்கம் என்றால், நூலகம் தானாக வாங்கிவிடும் என்று காத்திருக்காதீர்கள். வாங்கச் சொல்லிக் கேட்டால்தான் வரும்.

மின்னூல்களில் இன்னொரு முறையும் உண்டு. நூலகம் இன்னும் வாங்காத நூல்களின் விவரத்தைப் பட்டியலில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார்கள். வாசகர்கள் திறந்து குறிப்பிட்ட அளவுக்குப் படித்ததும் வாங்கல் தானாக நடந்துவிடும். நீங்கள் சாதாரணமாகப் புரட்டிய புத்தகம் அந்த நொடியில் நூலகத்தின் சொத்தாகியிருக்கலாம்.

தேர்வு முடிந்தால் கொள்முதல் பிரிவு. ஆர்டர், விலைப்பட்டியல், பணம் எல்லாம் அங்கே. அப்புறம் பட்டியலாக்கப் பிரிவு. ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பு, பொருள் ஆகியவற்றை விதிப்படி பதிவு செய்து, அலமாரியில் இடத்தைக் காட்டும் அழைப்பு எண் கொடுப்பது இவர்கள் வேலை. இந்த விவரங்களைக் கணினி படிக்கும் வடிவில் எழுத 'மார்க்' என்ற முறையை 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் (அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம்) ஹென்ரியட் ஆவ்ரம் உருவாக்கினார். உலகின் பெரும்பாலான நூலகப் பட்டியல்கள் இன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன. 1967-ல் ஒஹாயோவில் தொடங்கிய ஓசிஎல்சி அமைப்பு 1971-ல் இணைவழிக் கூட்டுப் பட்டியலைக் கொண்டுவந்தது. ஒரு நூலகம் எழுதிய பதிவை மற்ற நூலகங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றானது. பரவலாக விற்கும் புத்தகம் வந்த வேகத்தில் அலமாரிக்குப் போவது இதனால்தான். வேறு எந்த நூலகமும் இன்னும் பதிவு செய்யாத நூலுக்கு முதல் பதிவைப் புதிதாக எழுத வேண்டும். அந்த மொழி தெரிந்த பட்டியலாளர் கிடைக்கும் வரை அது மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? பட்டியலில் ஒரு புத்தகத்துக்கு எதிரே 'ஆர்டரில் உள்ளது' என்றோ 'செயலாக்கத்தில்' என்றோ இருந்தால் பலரும் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். 'செயலாக்கத்தில்' என்றால் புத்தகம் கட்டடத்துக்குள் வந்துவிட்டது, பட்டியலாக்க மேசையில் இருக்கிறது என்று அர்த்தம். வேண்டுகோள் பொத்தானை அழுத்துங்கள், அல்லது அவசரமாக வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு வாசகர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் புத்தகத்தை வரிசையில் முன்னே நகர்த்துவது வழக்கம்.

தேடல் பெட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

இணையதளத்தின் நடுவில் பெரிதாக ஒரு தேடல் பெட்டி இருக்கும். அது நூலகத்திலுள்ள புத்தகங்களோடு, வெளி நிறுவனங்களின் கோடிக்கணக்கான கட்டுரைகளையும் சேர்த்துத் தேடுகிறது. ஒரு சொல்லைப் போட்டால் லட்சக்கணக்கில் முடிவுகள் வருவது அதனால்தான். உங்களுக்குத் தேவை புத்தகம் என்றால் பக்கத்திலிருக்கும் வடிகட்டியில் 'நூலகப் பட்டியல் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரைகளை ஒன்றும் விடாமல் தேட வேண்டும் என்றால் உங்கள் துறைக்கான தரவுத்தளத்துக்கே நேரே போங்கள். பெரிய பெட்டி ஒரு தலைப்பைத் தொட்டுப் பார்க்க நல்லது. ஆய்வேட்டுக்கு அதை மட்டும் நம்புவது போதாது.

இன்னொரு முக்கியமான விஷயம் பொருள் தலைப்புகள். ஒரே விஷயத்தை ஆசிரியர்கள் பல சொற்களில் எழுதுவார்கள், பட்டியலாளர்கள் அதற்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துவார்கள். இரண்டாம் உலகப் போர் பற்றிய நூல்கள், தலைப்பில் என்ன இருந்தாலும், காங்கிரஸ் நூலக முறையில் 'வேர்ல்ட் வார், 1939-1945' என்ற தலைப்பின் கீழ் வரும். உங்களுக்குப் பிடித்த ஒரு நூலின் பட்டியல் பக்கத்தைத் திறந்து, அதில் கொடுத்திருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். நீங்கள் தேடிய சொல் ஒன்றுகூட இல்லாத நல்ல நூல்கள் வரிசையாக வரும். இந்தச் சொற்களும் காலத்தோடு மாறுகின்றன. சமையல் நூல்களுக்கான ஆங்கிலத் தலைப்பை 'குக்கரி' என்பதிலிருந்து 'குக்கிங்' என்று காங்கிரஸ் நூலகம் மாற்றியது 2010-ல்தான். பழைய பதிவுகள் சில இன்னும் பழைய சொல்லிலேயே தங்கியிருக்கும்.

அழைப்பு எண்ணைப் படிப்பது

இதில் பதினைந்து நிமிடம் செலவழித்துக் கற்றுக்கொண்டால் பல ஆண்டுகளுக்குப் பயன் தரும். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் அதன் முகவரி. உலகில் பல முறைகள் உண்டு. மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசம முறை முழுக்க எண்களால் ஆனது. எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் முறை, ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரித்து நிறுத்தற்குறிகளால் இணைப்பது. பெரிய ஆய்வு நூலகங்கள் பலவும் பயன்படுத்துவது காங்கிரஸ் நூலக முறை. அது ஆங்கில எழுத்தில் தொடங்கும். க்யூ அறிவியல், க்யூஏ கணிதமும் கணினியும், க்யூசி இயற்பியல், ஹெச் சமூக அறிவியல், கே சட்டம், பி (P) மொழியும் இலக்கியமும். தமிழ் நூல்கள் பிஎல் 4751 முதல் 4759 வரையில் வரும். டூயி முறையில் தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811.

புதியவர்கள் தடுமாறுவது வரிசையில். காங்கிரஸ் முறையில் எழுத்துக்குப் பின் வரும் எண் முழு எண். ஆகவே க்யூஏ 9 முதலில், க்யூஏ 76 பிறகு. ஆனால் அடுத்த வரியில் புள்ளி வைத்து வரும் எழுத்தும் எண்ணும் தசமம். அங்கே .பி45 முதலில் வரும், .பி5 அதற்குப் பின்னால்தான் வரும். 45 பெரிது, 5 சிறிது என்று நினைத்துத் தேடினால் புத்தகம் இல்லாத இடத்தில் நின்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 'அலமாரியில் இல்லை' என்று வரும் புகார்களில் இப்படி வருபவை கணிசம்.

மருத்துவ நூலகங்கள் பல அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. அதில் மருத்துவம் டபிள்யூ எழுத்தில் வரும். எனவே ஒரே புத்தகத்துக்கு முதன்மை நூலகத்தில் ஓர் எண், மருத்துவக் கிளையில் இன்னோர் எண் இருக்கலாம். அழைப்பு எண்ணோடு கிளையின் பெயர், மாடி, 'பெரிய அளவு' போன்ற குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள். பெரிய அளவு நூல்கள் தனி வரிசையில் இருக்கும்.

எண் சரியாக இருந்தும் புத்தகம் இல்லையா? மேல், கீழ் அலமாரிகளையும், திருப்பி அடுக்கக் காத்திருக்கும் தள்ளுவண்டிகளையும் ஒரு தரம் பாருங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் 'தேடித் தரக் கோரிக்கை' கொடுங்கள். ஊழியர்கள் சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பத் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் வேறு பிரதி வாங்கவும் வாய்ப்பு உண்டு.

படித்து முடித்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் வைக்காதீர்கள். தவறான இடத்தில் போன புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்பது ஒரு காரணம். மேசையிலோ வண்டியிலோ விட்ட புத்தகங்களைப் பல நூலகங்கள் ஸ்கேன் செய்து 'உள்ளே பயன்பட்டது' என்று கணக்கில் ஏற்றுகின்றன என்பது இன்னொரு காரணம். எந்த நூலை அலமாரியில் வைத்திருப்பது, எதைக் கிடங்குக்கு அனுப்புவது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கும்போது அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். நீங்கள் நேசிக்கும் ஒரு நூல் கண் முன்னே இருக்க வேண்டும் என்றால் அது பயன்பட்டதற்கான தடயம் இருக்க வேண்டும்.

கிடங்கு

இடம் எந்த நூலகத்துக்கும் போதுவதில்லை. ஹார்வர்டு 1986-ல் நகருக்கு வெளியே ஒரு கிடங்கைத் திறந்தது. அங்கே நூல்கள் பொருள்வாரியாக இல்லை, உயரவாரியாகத் தட்டுகளில் அடுக்கியிருக்கும். பார்கோடுதான் வழிகாட்டி. குளிர்ந்த, ஈரம் குறைந்த காற்றில் வைப்பதால் அமிலத் தாளில் அச்சான பழைய நூல்களும் மெதுவாகவே சிதைகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு 2010-ல் ஸ்விண்டனில் இப்படி ஒன்றைத் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மன்சுவேட்டோ நூலகத்தில் (2011) கிடங்கு தரைக்கு அடியிலேயே இருக்கிறது. 35 லட்சம் தொகுதிகள் கொள்ளும் அந்த இடத்தில் பெட்டியைத் தேடி எடுத்து வருவது இயந்திரம்.

உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது சுலபம். 'வெளிக்கிடங்கு' என்று இருந்தால் புத்தகம் இல்லை என்று அர்த்தமில்லை. வேண்டுகோள் போட்டால் பெரும்பாலும் ஓரிரு வேலை நாளில் கவுன்ட்டருக்கு வந்துவிடும். ஒரே ஓர் அத்தியாயம் போதும் என்றால் ஸ்கேன் செய்து அனுப்பும் சேவை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் இழக்கிறோம்: அலமாரியில் பக்கத்துப் புத்தகத்தைத் தற்செயலாகப் பார்க்கும் வாய்ப்பு. அதற்கு ஈடாக, பட்டியலில் அழைப்பு எண் வரிசைப்படி உலவும் வசதியைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

மின்னிதழ்கள்: வாங்கியதா, வாடகைக்கா?

பெரிய ஆய்வு நூலகங்களின் கொள்முதல் பணத்தில் பெரும்பகுதி ஆண்டுதோறும் கட்டும் சந்தாவுக்கே போகிறது. அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்னிதழில் நூலகத்துக்குக் கிடைப்பது உரிமம். யார் படிக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர், எத்தனை பக்கம் இறக்கலாம், பிற நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். நேற்று திறந்த கட்டுரை இன்று திறக்காமல் போனால் ஒப்பந்தம் மாறியிருக்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019-ல் எல்சவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனத்துடன் பேச்சுவார்த்தை முறிந்து, புதிய ஒப்பந்தம் இல்லாமலே இரண்டு ஆண்டு இருந்தது. 2021-ல்தான் உடன்பாடு வந்தது. அத்தனை பெரிய பல்கலைக்கழகத்துக்கே அப்படி.

வெளியிலிருந்து படிக்க எப்போதும் நூலக இணையதளம் வழியாகவே போங்கள். அப்போதுதான் நீங்கள் இந்தப் பல்கலைக்கழகத்தவர் என்பது பதிப்பாளரின் கணினிக்குத் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடக் கூகுள் ஸ்காலர் பயன்படுத்துகிறவர்கள் அதன் அமைப்புகளில் 'லைப்ரரி லிங்க்ஸ்' பகுதியில் தங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டால், கட்டுரைக்குப் பக்கத்திலேயே நூலக இணைப்பு தெரியும். கட்டணம் கேட்டு ஒரு பக்கம் வந்தால் ஒருபோதும் உங்கள் பணத்தைக் கட்டாதீர்கள். இலவசப் பதிப்பு எங்காவது சட்டப்படி கிடைக்கிறதா என்று 'அன்பேவால்' போன்ற உலாவி நீட்சியில் பாருங்கள், அப்புறம் நூலகத்திடம் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நிரல் எழுதி நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே மூச்சில் இறக்காதீர்கள். பதிப்பாளரின் கணினி அதைக் கண்டுகொண்டால் பல்கலைக்கழகம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். உரைப் பகுப்பாய்வுக்கு அப்படித் தேவை என்றால் நூலகத்தில் முதலில் பேசுங்கள். அதற்குத் தனி அனுமதி வாங்கித் தரும் ஆள் இருப்பார்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் உரிமை உள்ள ஆறு நூலகங்களில் மூன்று பல்கலைக்கழக நூலகங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் டிரினிட்டி. 2013 முதல் பிரிட்டனின் மின்வடிவ வெளியீடுகளுக்கும் அந்த உரிமை வந்தது. ஆனால் அந்த வகையில் வந்த மின்னூலை நூலகக் கட்டடத்துக்குள் இருக்கும் கணினியில்தான் படிக்க முடியும். பட்டியலில் 'மின்வடிவம்' என்று பார்த்ததும் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று முடிவு செய்யக் கூடாது.

இரவலும் பிற நூலகங்களும்

இரவல் காலம் மாணவர், ஆய்வாளர், ஆசிரியர் என்று ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் எடுத்த புத்தகத்தை வேறொருவர் கேட்டால் காலம் முடிவதற்குள்ளேயே திருப்பக் கேட்கலாம், அதற்கான அபராதம்தான் பல இடங்களில் அதிகம். ஆகவே பல்கலைக்கழக மின்னஞ்சலைத் தவறாமல் பாருங்கள். சில நூலகங்கள் இரவலே தருவதில்லை. போட்லியனின் பழைய மைய நூலகத்தில் 1645-ல் முதலாம் சார்லஸ் மன்னர் கேட்டே கிடைக்கவில்லை.

உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க ஒரு தனிப் பிரிவு இருக்கும். மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் சேவை இதுதான் என்பது என் எண்ணம். கட்டுரை என்றால் சில நாளில் மின்னஞ்சலுக்கே வரும், புத்தகம் என்றால் இன்னும் கொஞ்சம் ஆகும். படிவத்தில் ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) அல்லது டிஓஐ (கட்டுரையின் அடையாள எண்) எண்ணைத் தவறில்லாமல் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

அரிய நூல் அறை

முன்பதிவு செய்து போங்கள். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். கையெழுத்துத் தாள்களும் ஆவணங்களும் பொதுப் பட்டியலில் ஒவ்வொன்றாக இருக்காது. ஒரு சேகரிப்பில் எந்தப் பெட்டியில் என்ன என்று விளக்கும் தனி வழிகாட்டிப் பட்டியல் இருக்கும். அதைப் படித்துப் பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் அன்றைய நாள் வீணாகாது.

துறை நூலகரைப் பாருங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கவுன்ட்டரில் 'இந்தப் புத்தகம் எங்கே' என்று கேட்கலாம். 'இந்த விஷயத்தில் எங்கே தொடங்குவது' என்ற கேள்விக்கு உரியவர் துறை நூலகர். உங்கள் துறைக்கு யார் என்று இணையதளத்தில் பெயர் இருக்கும். அவரைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம், அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

போகும் முன் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் கேள்வியை இரண்டு வரியில் சொல்லுங்கள். எந்தத் தரவுத்தளத்தில் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதையும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். 'பருவநிலை பற்றி ஏதாவது வேண்டும்' என்று எழுதினால் பதில் பொதுவாகத்தான் வரும். 'கடற்கரைக் கிராமங்களின் இடப்பெயர்வு பற்றி 2000-க்குப் பின் வந்த கள ஆய்வுகள் வேண்டும்' என்று எழுதினால் அவர் உங்களுக்கு முன்பே தேடத் தொடங்கியிருப்பார். வாங்க வேண்டிய நூல் இருந்தால் அதையும் அவரிடமே கேளுங்கள், அதற்கான பணம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.

படிப்பு முடியும் முன்

மாணவர் நிலை முடிந்ததும் மின்னிதழ் அனுமதியும் முடிந்துவிடும், சில இடங்களில் அன்றைக்கே. ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்கு வேண்டிய கட்டுரைகளை முன்பே சேமித்து, மேற்கோள் பட்டியலைச் சொந்த மின்னஞ்சல் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றும்போது, அதை நூலாக வெளியிடும் எண்ணம் இருந்தால் எத்தனை ஆண்டு மூடி வைக்கலாம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஏற்றிய பின் திரும்பப் பெறுவது கடினம். முன்னாள் மாணவர்களுக்கு உள்ளே வந்து படிக்கும் அட்டை பல நூலகங்களில் கிடைக்கும், அதற்கு விண்ணப்பியுங்கள். கடைசியாக, கணக்கில் ஒரு புத்தகம்கூட நிலுவை இல்லை என்று கவுன்ட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிலுவை இருந்தால் பட்டச் சான்றிதழை நிறுத்தி வைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு.